உட்சம்மத நிபுணர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. இதுவரை யாரும் பெயர் வைக்காததால் நானே வைத்துவிடுகிறேன்: உட்சம்மத நிபுணர். காது மூக்கு தொண்டைக்கு ஒரு நிபுணர் இருப்பதுபோல, இவர் பெண்களின் சம்மதத்துக்கு நிபுணர். வெளியே கேட்கிற சம்மதத்துக்கு அல்ல. அது சாதாரணக் காதுக்கே விழுந்துவிடும், அதற்கு நிபுணர் எதற்கு? அவள் வாய் வேண்டாம் என்கிறபோது, கை தள்ளுகிறபோது, கண் வாசலைத் தேடுகிறபோது, இதற்கெல்லாம் அடியில் நிலத்தடி நீர்போல ஒரு சம்மதம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் என்பது இவர் சித்தாந்தம். கையில் கவட்டைக் குச்சியோடு நீரோட்டம் பார்க்கிறவரைப் பார்த்திருப்பீர்கள். இவரும் அப்படித்தான் பார்ப்பார். ஒரு வித்தியாசம், அவருக்குச் சில இடங்களில் தண்ணீர் கிடைக்காது. இவருக்குக் கிடைக்காத இடமே இல்லை.

எல்லா ஊரிலும் வளர்கிற இனம்தான். ஆனாலும் எந்த உயிருக்கும் கொழுத்து வளர்கிற இடம் என்று ஒன்று இருக்கும் அல்லவா? இவருக்கு அது தோக்கியோவின் மேற்குப் பக்கம், மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஸ்டூடியோக்களில், பெரியவர்களுக்கான படம் எடுக்கும் தொழில். அந்தத் தொழிலில் நான் பல வருடம் ஒப்பனை செய்தேன். பெரியவர்கள் நடித்து, பெரியவர்கள் காசு கொடுத்துப் பார்க்கிற படம். அதைப் பற்றி உபதேசம் செய்ய நான் வரவில்லை. மனமொப்பி நடித்தவர்களுக்கும் பவுடர் பூசியிருக்கிறேன். வேலை முடிந்ததும் ரயிலில் தூங்கி வழிந்துகொண்டு, நாளைக்கு என்ன சமைப்பது என்ற கவலையோடு வீட்டுக்குப் போனார்கள், எல்லா வேலைக்காரர்களையும்போல. எனக்கு அவர்கள்மேலும் புகாரில்லை, அவர்கள் வேலைமேலும் புகாரில்லை. புகாரெல்லாம் நிபுணர்மேல்தான்.

நான் அருகிலிருந்து பார்த்த நிபுணர் பெயர் குரோசு. இயக்குநர். கழுத்தில் ஒரு வெள்ளைத் துண்டு, கையில் டப்பா காப்பி, குரலில் தேன். கத்த மாட்டார். யாரையும் திட்ட மாட்டார். பெருமூச்சு மட்டும் விடுவார். அவர் பெருமூச்சு விட்டால் கேமராக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், விளக்குக்காரர் கேமராக்காரரைப் பார்ப்பார், மூலையில் ஆறிக்கொண்டிருக்கும் மதியச் சாப்பாட்டுப் பெட்டிகளை எல்லாரும் ஒருமுறை பார்ப்பார்கள், கடைசியில் அத்தனை கண்களும் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு பெண்மேல் வந்து இறங்கும். அவள்தான் எல்லார் சாப்பாட்டையும் ஆறவைக்கிறவள். அவள்தான் ஸ்டூடியோ வாடகையை ஏற்றுகிறவள். இத்தனை பேருக்கு நடுவில் "முடியாது" என்று சொல்ல நாக்குக்கு எலும்பு வேண்டும். சொல்லாமல் இருந்தாளா? ஆயிற்று, சம்மதம்.

"காத்தைப் படிக்கத் தெரியணும்" என்பார் குரோசு அடிக்கடி. அந்த ஊரில் அது நல்ல குணம். எதிரே இருப்பவர் வாய் திறப்பதற்குள் அவருக்கு என்ன வேண்டும் என்று அறையின் காற்றிலிருந்தே புரிந்துகொள்வது. புரிந்துகொண்டவர்கள் தேநீர் ஊற்றுவார்கள், ஜன்னலைச் சாத்துவார்கள், எழுந்து விடைபெறுவார்கள். குரோசு படிக்கிற காற்று மட்டும் எப்போது பார்த்தாலும் குரோசு எழுதியதாகவே இருக்கும்.

நடிக்கிற பெண்களைக் காக்க வந்த சட்டம் கடுமையானதும் இந்த இனம் அழிந்துவிடும் என்று சிலர் நம்பினார்கள். பாவம். சட்டத்தைக் குரோசுவைப்போல மதித்தவர் கிடையாது. முன்கூட்டியே ஒப்பந்தம் போடுவார். ஒவ்வொரு பக்கமாக அவரே படித்துக் காட்டுவார். கேமராவை ஓடவிட்டு, "வேண்டாம்னு தோணினா எந்த நிமிஷமும் நிறுத்தலாம்" என்று அறிவிப்பார். பெரிய கடைகளில் நகரும் படிக்கட்டு "கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளவும்" என்று சொல்லுமே, அந்தக் குரலில். படிக்கட்டும் சொல்லிக்கொண்டேதான் இருக்கும், நகர்ந்துகொண்டேதான் இருக்கும். யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்று அதற்குத் தெரியுமா?

அவருடைய ஆஸ்தானப் பாத்திரம் அடங்காத பெண். முப்பதை நெருங்கியவள், மெக்கானிக்கோ லாரி ஓட்டியோ கூரைக்கு ஓடு வேய்கிறவளோ யாராவது ஒருத்தி. குட்டை முடி. சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொள்வாள். காலை அகட்டி உட்காருவாள். கதாநாயகன் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டு "என்னடா" என்பாள். இவ்வளவும் முதல் கால் மணி நேரத்தில். அதன்பிறகு எங்கிருந்தோ ஒரு பூப்போட்ட கவுன் வரும். கண்டிப்பாக வரும், கல்யாணத்துக்குத் தாலி வருவதுபோல வரும். அவள் கண்ணாடியைப் பார்ப்பாள், அவன் அவளைப் பார்ப்பான், கதவு சாத்தப்படும், அவள் வேண்டாம் என்பாள், அவனுக்குக் காது அடைத்துவிடும், அவள் அழுவாள், பிறகு (இங்கேதான் குரோசுவின் கண்ணில் ஈரம் கசியும்) சிரிப்பாள். "நீயும் பொண்ணுதானே" என்று கதாநாயகன் கண்டுபிடிப்பான். ஸ்பேனர் பிடித்திருந்தபோது அவள் என்னவாக இருந்தாளாம்? கொக்கா?

ஏன் அடங்காத பெண் என்று கேட்டேன் ஒருமுறை. "மேக்கப்பு, உனக்குப் புரியாது" என்றார். எனக்குப் புரிந்தது. பூட்டு பெரிதாக இருந்தால்தான் திருடனுக்குக் கெட்டிக்காரப் பட்டம். சாதுவான பெண்ணின் மறுப்பை மிதித்தால் அதில் என்ன பெருமை? ஓங்கிச் சொல்கிறவளின் மறுப்பை மிதித்துவிட்டு, கடைசியில் அவளையே சிரிக்கவும் வைத்துவிட்டால், பார்க்கிறவனுக்கு ஒரு பெரிய நிம்மதி. உலகத்தில் எந்த வேண்டாமும் வேண்டாம் இல்லை என்று நிரூபணம் ஆகிவிடுகிறது. ஒருத்தி முடியை ஒட்ட வெட்டிக்கொண்டது அவளுக்குப் பிடித்ததால் இருக்கலாம், சீக்கிரம் காய்வதால் இருக்கலாம் என்று அந்த மண்டையில் ஏறவே ஏறாது. ஒவ்வொரு குட்டை முடிக்காரிக்குள்ளும் ஒரு நீளமுடிக்காரி சிறையில் உட்கார்ந்துகொண்டு, யாராவது கதவை உடைக்கட்டும் என்று காத்திருக்கிறாளாம். நிபுணர் கடப்பாரையோடு வருகிறார். மீட்புப் பணி.

தோகாஷி இயோரி இந்தக் கடப்பாரைக்கு எதிரே வந்தது அவளுடைய இருபத்தேழாவது வயதில். பாத்திரத்துக்கு முடி வெட்ட வேண்டியிருக்கவில்லை. வரும்போதே அப்படித்தான் வந்தாள். சின்ன வயதிலிருந்து ஜூடோ பழகிய தோள். நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி முனகும் என்பாள் அவளே. என்னோடு ஒரே வாரத்தில் சிநேகமானாள், ஏனென்றால் லிப்ஸ்டிக்கை எடுத்ததும் "அது மட்டும் வேண்டாம்" என்றாள், நான் சரி என்று மூடி வைத்துவிட்டேன்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"எது?"

"ஒரு தடவை சொன்னேன், வச்சிட்டியே. எங்கம்மாகிட்டகூட மூணு தடவை சொல்லணும்."

குரோசு அவளைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். குட்டை முடிக்காரிகள் எல்லாரும் அவருக்குத் தம்பிகள், கவுன் வருகிறவரைக்கும். மெக்கானிக் படத்தின் படப்பிடிப்பன்று காலையில், நான் அவள் கன்னத்தில் கிரீஸ் கறை வரைந்துகொண்டிருந்தபோது, அவர் டப்பா காப்பியோடு வந்து நின்றார்.

"டைரக்டர் சார், ஒரு சந்தேகம்" என்றாள் இயோரி. "கதையில நான் வேண்டாம், விடுன்னு கத்தணும். சரி, கத்தறேன். நெசமாவே எனக்கு வேண்டாம்னு ஆயிடுச்சுன்னா? அதையும் இதே வாயாலதானே சொல்லணும்? உங்களுக்கு எப்படி வித்தியாசம் தெரியும்?"

"உனக்கு அந்த நெலமையே வராது தம்பி."

"வந்தா?"

"வந்தா... நீயே ஒரு வழி சொல்லு."

"தரையை ரெண்டு தட்டு தட்டுவேன். ஜூடோ மாதிரி. தட்டினா கேமரா நிக்கணும், கூட நடிக்கிறவரும் நிக்கணும்."

"தட்டு தட்டு. தாராளமாத் தட்டு" என்று சிரித்துக்கொண்டே போனார்.

ஜூடோ பழகாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பிடி இறுகிவிட்டால், மூச்சு முட்டினால், எலும்பு வலித்தால், பாயை இரண்டு தட்டு தட்டினால் போதும். எதிராளி அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். ஏன் தட்டினாய், இன்னும் தாங்குவாய் போலிருக்கிறதே என்றெல்லாம் கேட்கிற வழக்கமே இல்லை. அந்த நாட்டில் பள்ளிக்கூடத்தில் ஒரு பருவமாவது பாயில் புரண்ட ஆண்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. எதிராளியை எப்படி வீழ்த்துவது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

படம் பிடிக்கும் அறைக்குள் என்னை விடுவதில்லை. மாலையில் இயோரி என் அறைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி முனகியது, அவள் ஒன்றும் வேடிக்கை சொல்லவில்லை.

"தட்டினேன்" என்றாள்.

"அப்புறம்?"

"மறுபடியும் தட்டினேன்."

அதற்குள் குரோசு வந்துவிட்டார், முகமெல்லாம் விளக்கெரிய. "பிரமாதம்டா தம்பி! இனிமே தம்பின்னு கூப்பிடக் கூடாது போலிருக்கே, கண்ணுன்னுதான் கூப்பிடணும்."

"நான் தட்டினேன் சார்."

"கேட்டுச்சு கண்ணு, கேட்டுச்சு. ஆனா உன் கண்ணு வேற சொல்லிச்சே. நான் கண்ணைத்தான் நம்புவேன்."

"காலையில சரின்னு சொன்னீங்களே சார், என் எதிர்லதான் சொன்னீங்க" என்றேன் நான்.

"மேக்கப்பு, உனக்கு சினிமா தெரியாது" என்றார். டப்பா காப்பியை அவள் மடியில் வைத்தார். சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து வைத்தார். அக்கறையில் மட்டும் நிபுணரிடம் குறை காண முடியாது.

படம் வெளிவந்தது. இந்த மாதிரிப் படங்களுக்கும் விமர்சனம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். "நடிப்பே இல்லை!" என்று எழுதினார்கள். விமர்சகர்கள் அறியாமலே உண்மையைச் சொல்லிவிடுகிற நாளும் வருகிறது. அந்தக் கை தரையைத் தட்டும் இடத்தைத் தனியாகப் பாராட்டினார்கள். அடங்காத பெண் அடங்குகிற கணமாம். நாள் ஆக ஆகக் குரோசுவுக்கு அந்தப் பாராட்டே ஞாபகமாகிவிட்டது. காலையில் நடந்த பேச்சு வெட்டுப்பட்டு விழுந்தது. அது இயோரியின் சொந்தக் கற்பனை, படப்பிடிப்பில் தானாகப் பிறந்த நுணுக்கம் என்று நாலு பேர் நடுவில் சொல்ல ஆரம்பித்து, பிறகு நம்பவும் ஆரம்பித்துவிட்டார். பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். நிபுணர் பொய் சொல்ல மாட்டார். அவருக்கு அந்த அவசியமே வருவதில்லை.

இயோரி தொழிலை விட்டாள். வக்கீல் வக்கீலாக அலைந்து, அந்தப் படத்தைச் சந்தையிலிருந்து எடுக்கவைத்தாள். "பொண்ணுங்களுக்கு அப்புறமா வெட்கம் வந்துடும், இயல்புதான்" என்று குரோசு அதற்கும் பெருந்தன்மையாக ஒரு விளக்கம் வைத்திருந்தார். அவள் சொந்த ஊரான தோயாமாவுக்குப் போய், மீன் ஏற்றும் குளிர்பதன லாரி ஓட்டினாள். எனக்கு எப்போதாவது நெடுஞ்சாலை ஓய்விடங்களிலிருந்து போன் செய்து, அங்கே சாப்பிட்ட நூடுல்ஸைத் திட்டுவாள். அப்புறம் புற்றுநோய் வந்தது. அப்புறம் போன் வரவில்லை.

அவள் முகத்துக்குக் கடைசி ஒப்பனையும் நான்தான் செய்தேன். லிப்ஸ்டிக் போடவில்லை. அதுதான் முன்பே சொல்லியிருந்தாளே.

இங்கேதான் நிபுணரின் முழுத் திறமையும் வெளிப்படுகிறது. உயிரோடு இருப்பவளின் உட்சம்மதத்தைக் காண்பது சாதாரண நிபுணருக்கே கைவரும். செத்தவளின் உட்சம்மதத்தைக் காண்பதற்குக் குரோசு வேண்டும்.

சாவுச் சடங்குக்கு முந்தின மாலை. வெளியே பனி. இயோரியின் அக்கா தமாகி கறுப்பு உடையில் வாசலில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் குனிந்து வணங்கிக்கொண்டிருந்தாள். தமாகி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியை. வண்டி ஓட்டப் பழகுகிறவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியிலும் ஒரு பிரேக் வைத்துக்கொண்டு சம்பாதிக்கிறவள். அவளும் தங்கையோடு சேர்ந்து ஜூடோ பழகியவள்தான். குரோசு பட நிறுவனத்தின் விற்பனை அதிகாரி உசுகியோடு வந்தார். கறுப்பு டை கச்சிதம். பணம் வைத்த இரங்கல் உறையை இரண்டு கையாலும் நீட்டினார். நீட்டிவிட்டு, தலையைத் தாழ்த்தியபடியே முணுமுணுத்தார்.

"இந்த நேரத்துல சொல்லக் கூடாதுதான்... ரசிகருங்க எல்லாம் அழறாங்க... அந்த மெக்கானிக் படத்தை நினைவுப் பதிப்பா ஒண்ணு... அவங்களும் அதைத்தான் விரும்பியிருப்பாங்க..."

தமாகி குனிந்தாள். அதற்கு முன்னால் வந்த பால்காரருக்கும் குனிந்தாள், லாரிக் கம்பெனி முதலாளிக்கும் குனிந்தாள், பின்னால் வந்த பல் டாக்டருக்கும் குனிந்தாள். துக்க வீட்டு வாசலில் நிற்பவர் வேறு என்ன செய்வார்? குரோசு உசுகி பக்கம் திரும்பி, மெல்ல, நிறைவாகச் சொன்னார்: "குடும்பத்துல சரின்னுட்டாங்க."

கோயிலில் கிடா வெட்டுவதற்கு முன்னால் அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள், பார்த்திருப்பீர்கள். குளிருக்கு அது உடம்பைச் சிலிர்க்கும். உத்தரவு கிடைத்துவிட்டது என்று குலவை போடுவார்கள். கிடாவிடம் கேட்டுவிட்டுத்தான் வெட்டினோம் என்று யாருக்கும் தூக்கம் கெடாது. குரோசுவும் கேட்டார். தமாகியும் தலையைத் தாழ்த்தினாள். இனி என்ன குறை?

அடுத்ததாகச் சவப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். வெள்ளைத் துணிக்குமேல் அவளுடைய லாரிக் கம்பெனிச் சட்டையை மடித்து வைத்திருந்தோம். "ப்ச்" என்றார். "கடைசியிலயாவது பொண்ணா அனுப்பியிருக்கலாம். உதட்டுல கொஞ்சம் சிவப்பு தடவியிருக்கலாமே, மேக்கப்பு." நான் பதில் சொல்லவில்லை. அதை அவர் எப்படிப் படித்திருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

தமாகியைச் சமையல்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். "அக்கா, வாசல்ல அந்தத் தேன் குரல்காரர் என்ன சொன்னாருன்னு தெரியுமா?"

"யாரு? எல்லாரும் ஒரே மாதிரிதான் முணுமுணுக்கறாங்க. நான் குனிஞ்சுக்கிட்டே இருக்கேன், இடுப்பு போச்சு."

"இயோரி வேண்டாம்னு சந்தையிலேர்ந்து எடுக்கவச்ச படத்தைத் திரும்பப் போடப் போறாராம். நீங்க குனிஞ்சதைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டாரு."

வந்தவர்களுக்குக் கொடுக்க எடுத்த பீர் பாட்டில்களை அவள் கீழே வைத்தாள். "அந்தப் படத்தை எதுக்கு எடுக்கவச்சான்னு என்கிட்ட சொல்லவே இல்லை. கேட்டா வண்டி டயரைப் பத்திப் பேசுவா."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் உள்ளேயிருந்து யாரோ பீர் கேட்டார்கள். தமாகி பாட்டில்களோடு போய்விட்டாள். நானும் பின்னாலேயே போனேன்.

பாய் விரித்த அறை. நீளமான தாழ்ந்த மேசைகள், சுஷித் தட்டுகள். இயோரியின் லாரிக்காரத் தோழர்கள், பக்கத்து வீட்டார், உறவினர்கள். தமாகி குரோசுவுக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து, அவர் தம்ளரில் முதலில் பீரை ஊற்றினாள். பிறகு சொன்னாள்.

"சார், வாசல்ல நீங்க சொன்னது எனக்குச் சரியா விழலை. இப்பத்தான் தெரிஞ்சுது. அந்தப் படம் வேண்டாம். என் தங்கச்சிக்கு வேண்டாம். எனக்கும் வேண்டாம்."

இதைவிடத் தெளிவாக மனிதர்களால் பேச முடியுமா? குரோசு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். கருணை பொங்கச் சிரித்தார்.

"துக்கத்துல அப்படித்தான் தோணும்க்கா. நான் தப்பா எடுத்துக்கலை. ஆனா உங்க மனசுக்குள்ள ஒரு மூலையில, தங்கச்சியோட திறமையை உலகம் பார்க்கணும்னு ஒரு ஆசை இருக்கு. எனக்குத் தெரியுது."

"இல்லை சார்."

"இருக்குக்கா. நீங்க படத்தைப் பார்த்ததில்லையே, அதான். அதுல ஒரு இடம் வரும் பாருங்க..." மேசையில் இருந்த எல்லாருக்கும் கேட்கட்டும் என்று குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். "அவன் அவளை அமுக்கிப் பிடிச்சிருக்கான். அவளால அசைய முடியலை. அப்ப அவ கை மட்டும் தனியா வெளிய வந்து, தரையைத் தட்டுது. கதையில அப்படி எழுதவே இல்லை! அவளாப் பண்ணினது!"

லாரிக்காரர் ஒருவரின் சாப்பாட்டுக் குச்சி வாய்க்குப் போகும் வழியில் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் தம்ளரை வைத்தார். உசுகி கண்ணை மூடிக்கொண்டார். அந்த அறையில் இருந்த ஆண்கள் எல்லாரும் ஏதோ ஒரு வயதில், ஏதோ ஒரு பள்ளியின் வியர்வை நாறும் பாயில், அந்தத் தட்டைத் தட்டியவர்கள். குரோசு அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். காற்றைப் படித்தார். எல்லாரும் மெய்மறந்துவிட்டார்கள் என்று படித்தார்.

"இப்படி" என்று பாயில் தட்டியே காட்டினார். தட், தட். "அவன் விடலை. அப்புறம் மறுபடியும்." தட், தட். "என்ன ஒரு நடிப்பு!"

தமாகியின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "எப்படித் தட்டினா? இன்னொரு தடவை காட்டுங்க" என்றாள்.

மகிழ்ச்சியோடு கையை நீட்டினார் குரோசு.

அதற்குப் பிறகு நடந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை, அவ்வளவு வேகம். நீட்டிய கையின் மணிக்கட்டு அவளிடம் இருந்தது, முழங்கை அவள் அக்குளுக்கு அடியில் இருந்தது, கழுத்து டை சோயா சாஸ் கிண்ணத்தில் இருந்தது. கறுப்புப் பட்டு உடையில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை.

"அக்கா! வலிக்குது! விடுங்க!"

"அப்படியா சார்?"

"விடுங்கக்கா, உடைஞ்சிடும்!"

"வாய் அப்படித்தான் சொல்லும். உங்க கண்ணு என்ன சொல்லுதுன்னு பார்க்கறேன்."

குரோசுவின் மற்றொரு கை பாயைத் தேடிப் போனது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவரும் பள்ளிக்கூடம் போனவர்தானே? தட், தட்.

தமாகி விட்டுவிட்டாள். அந்தக் கணமே. இரண்டாவது தட்டின் சத்தம் அடங்குவதற்குள்.

குரோசு முழங்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். தமாகி அவருக்கு எதிரே மறுபடியும் மண்டியிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தட்டினீங்க, விட்டேன். அவ்வளவுதான் சார். உங்களுக்கு உள்ளுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு நான் தேடலை." குரல் அங்கேதான் உடைந்தது. "அவ ரெண்டு தடவை தட்டியிருக்கா."

உசுகி தம்ளரை நகர்த்திவைத்துவிட்டு, பாயில் நெற்றி படக் குனிந்தார். "அந்தப் படம் வராதுக்கா. நினைவுப் பதிப்பாவும் வராது, எந்தப் பதிப்பாவும் வராது. நான் பொறுப்பு." குனிந்த தலை நிமிர நேரமாயிற்று. படம் வரவும் இல்லை.

குரோசு திருந்தினாரா என்று கேட்கிறீர்கள். நீங்கள் நல்லவர்கள், அதனால் கேட்கிறீர்கள். அந்த வருடக் கடைசி விருந்தில், தொழில்காரர்கள் நடுவில் அவர் உருகிச் சொன்னதாக என் சிநேகிதி ஒருத்தி வந்து சொன்னாள்: "பாவம் அந்த இயோரியோட அக்கா. துக்கம் தாங்காம என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேன்னுட்டாங்க. உள்ளுக்குள்ள எம்மேல அவ்வளவு மரியாதை." முழங்கையில் இன்னும் கட்டு இருந்ததாம்.

ஆகவே வாசகரே, எச்சரிக்கையாக இருங்கள். இந்த நிபுணரை அடையாளம் காண அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, கழுத்தில் துண்டும் வேண்டியதில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில், காப்பித் தட்டோடு தலைகுனிந்து நின்றவளைப் பார்த்துவிட்டு "பொண்ணுக்கும் பரிபூரணச் சம்மதம்" என்று எழுந்து வந்தவர் யார்? முடியை வெட்டிக்கொண்டு பைக் ஓட்டுகிற பெண்ணைப் பார்த்து "எல்லாம் ஒருத்தன் கையில மாட்டினா சரியாப் போயிடும்" என்று சொன்னபோது கூடச் சிரித்தவர் யார்? தோளில் போட்ட கையை அவள் மெல்ல எடுத்துவிட்டபோது, வெட்கப்படுகிறாள் என்று மறுபடி போட்டவர்? மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று பழமொழி வேறு கையோடு வைத்திருப்பவர்? நீங்கள் இல்லை. நிச்சயமாக இல்லை. நிபுணர்கள் யாருமே தாங்கள் நிபுணர்கள் என்று ஒப்புக்கொண்டதில்லை.

ஆனால் ஒன்று. இவ்வளவு நேரம் வாயே திறக்காமல் படித்துக்கொண்டு வந்தீர்கள். இதில் எங்கேயோ நான் உங்களைத்தான் எழுதுகிறேன் என்று தெரிந்தபோதும் எழுந்து போகவில்லை, மறுக்கவில்லை. உள்ளுக்குள்ளே உங்களுக்குச் சம்மதம்தான் என்று எடுத்துக்கொள்ளட்டுமா?

இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் மேசையை இரண்டு தட்டு தட்டுங்கள். நான் நிறுத்திவிடுகிறேன்.